ஏழு கிணறுகளும் ஒரு நெடிய கப்ரும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் சித்திரை வெயிலில் போகிற ஒருவரிடம், இந்த மண்ணை ஒரு காலத்தில் பெருவெள்ளம் மூடியிருந்தது என்று சொன்னால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கரிசல் வெடித்துக் கிடக்கும். குண்டாறு மணலாய்க் கிடக்கும். கண்மாயின் உள்வாயில் சீமைக் கருவேலம் செழித்து நிற்கும். ஆயினும் திருச்சுழியின் தலவரலாறு வெள்ளத்தில்தான் தொடங்குகிறது. ஊழி வெள்ளம் உலகை விழுங்க வந்தபோது சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தைத் துளைத்தார் என்றும், வெள்ளமெல்லாம் அத்துளை வழியே சுழித்து உள்ளே புகுந்தது என்றும், சுழித்த இடமே சுழியல் ஆயிற்று என்றும் அவ்வூரார் கூறுவர். சுந்தரரின் பதிகம் பெற்ற பழம்பதி அது. ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அங்கே பிறந்ததனால் பிற்காலத்தில் கடல் கடந்தவர்களுக்கும் அதன் பெயர் தெரியலாயிற்று.

திருமேனிநாதர் கோயிலின் முன்னுள்ள குளத்துக்குச் சூலதீர்த்தம் என்று பெயர். மாசி மகத்தை ஒட்டிப் பத்து நாள் அக்குளத்து நீர் நாளுக்கு நாள் ஏறும் என்பதும், பின்னர் அவ்வாறே இறங்கும் என்பதும் வழிவழியாக வரும் கூற்று. ரமணரின் வரலாற்றை எழுதியோரும் இதைக் குறித்திருக்கிறார்கள். அந்நீரில் முழுகி எழும் சிறுவர்களின் வெள்ளி நகைகள் கறுத்துப்போகும் என்றும் அவர்கள் எழுதினார்கள். கந்தகம் கலந்த நீர் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பது பள்ளிக்கூடத்து வேதியியல். ஆனால் வேதியியல் தெரியாத காலத்தில், இந்தத் தண்ணீர் மற்றத் தண்ணீர் போன்றதன்று, நிலத்தின் ஆழத்தோடு ஏதோ உறவுடையது என்று கண்டுகொண்ட மக்கள், அந்த அறிவைச் சூலத்தின் கதையாகப் பொதிந்து வைத்தார்கள். கதை இருக்கும்வரை குளத்தை யாரும் தூர்க்கமாட்டார்கள் அல்லவா?

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது திருச்சுழிக்காரர் ஒருவரிடமிருந்து. கேட்டவுடன் நினைவுக்கு வந்தது, இதற்கு நேர்மாறான வேறொரு கதை. அங்கே ஓர் அரசன் நிலத்தைக் குத்தினான்; வெள்ளம் உள்ளே போகவில்லை, வெந்நீர் வெளியே வந்தது. அக்கதையை எனக்குச் சொன்னவர் என் நன்னா. தனுஷ்கோடித் துறையிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய நாளில், 1964ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னர், சேலை மூட்டைகளோடு இலங்கைக்குப் போய்வந்தவர் அவர். திருகோணமலைக் கடைத்தெருவில் கணக்கு முடித்த மறுநாள், ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டு, அருகிலுள்ள அவுலியாவைச் சியாரத் செய்துவிட்டே ஊர் திரும்புவாராம். வறண்ட நாட்டில் பிறந்தவருக்கு, யாரும் அடுப்பு மூட்டாமலே தரையிலிருந்து சுடுநீர் ஊறுவது எவ்வளவு பெரிய வியப்பாக இருந்திருக்கும் என்பதை நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த இடத்துக்குக் கன்னியா என்று பெயர். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. திருகோணமலைக்குத் தெற்கே, குடாவுக்கு அப்பால் இருக்கும் முஸ்லிம் பேரூருக்குக் கிண்ணியா என்று பெயர். புலவர்கள் பலரைத் தந்த ஊர் அது. ஓர் எழுத்தொலி மாற்றத்தால் இரண்டையும் குழப்பிக் கொள்பவர் நம் பக்கத்தில் பலர். நாம் பேசப்போவது நகருக்கு வடமேற்கே எட்டுக் கிலோமீட்டர் அளவில், அனுராதபுரம் செல்லும் சாலையை அடுத்துள்ள வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி.

கிணறு என்றதும் நம்மூர்க் கமலைக் கிணறு போல் ஆழமாக எண்ண வேண்டா. சதுரமாகக் கல் கட்டிய ஏழு சிறு தொட்டிகள் அவை. குனிந்து வாளியை அமிழ்த்தினால் மொண்டு விடலாம். ஒன்றுக்கு ஒன்று சில அடிகளே இடைவெளி. ஆனால் ஏழிலும் வெப்பம் ஏழு விதம். ஒன்றில் இளஞ்சூடு, அடுத்ததில் முதல் வாளி தோளில் விழும்போது மூச்சு ஒரு கணம் நிற்கும். உடலின் வெப்பத்தை ஒட்டியும் அதற்குச் சற்று மேலுமாக அவை நிற்கின்றன. ஒவ்வொரு கிணற்றிலும் சில வாளிகள் ஊற்றிக்கொண்டு வரிசையாக ஏழையும் முடிப்பதே முறை.

திருகோணமலைத் தல மரபு சொல்வது இது. இராவணன் தன் தாய் வழிபடுவதற்காகக் கோணமலையைப் பெயர்த்துக் கொண்டுபோக முயன்றான். சுவாமி மலையின் செங்குத்தான பாறைப் பிளவை இராவணன் வெட்டு என்றே இன்றும் காட்டுவர். அந்த முயற்சியைத் தடுக்கத் திருமால் ஒரு முதியவராக வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று சொன்னார். தாய்க்குச் செய்ய வேண்டிய கடனை உடனே செய்ய விரும்பிய இராவணன், நீர் வேண்டி ஏழிடத்தில் நிலத்தைக் குத்தினான். ஏழிடத்திலும் வெந்நீர் பீறிட்டது. கன்னியா என்ற பெயரே அந்தத் தாயின் பெயர் என்பாரும் உளர். கம்பன் வழியே இராவணனை அறிந்த நமக்கு, இந்த இராவணன் புதியவன். இங்கே அவன் பிறன்மனை நயந்தவன் அல்லன். ஏமாற்றப்பட்ட ஒரு மகன். செய்தி பொய் என்று அறியாமல், தாய்க்காக மண்ணைக் குத்திக்கொண்டு நிற்கிறான். இக்கதையை ஆக்கியவர்கள் வென்றவர்களின் பக்கத்தில் நிற்கவில்லை என்பது தெளிவு.

கதை கதையாக நின்றுவிடவில்லை என்பதே முக்கியம். திருகோணமலைத் தமிழ் மக்கள், வீட்டில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கடனைக் கன்னியாவுக்கு வந்து செய்யும் வழக்கம் உடையவர்கள். ஆடி அமாவாசையிலும் வருவார்கள். கிணறுகளை அடுத்து ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெரு நூலில் இக்கிணறுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே வெளியார் ஏட்டிலும் ஏறிவிட்ட இடம் இது.

டெனன்ட் வியந்த இன்னொன்று, இந்த வெந்நீரில் வாழ்ந்த மீன்கள். அவருக்கும் முன்னரே பிரெஞ்சு இயற்கையியலாளர் வாலன்சியேன், கன்னியா நீரில் பிடிக்கப்பட்ட ஒரு சிறு மீனை 1842ஆம் ஆண்டு விவரித்து, வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்துத் தெர்மாய்கோஸ் என்று பெயரிட்டார். நீண்ட மீசையுடைய, விரல் நீளமே உள்ள மீன் அது. அது வெந்நீருக்கே உரிய மீன் அன்று. இலங்கையின் சாதாரண ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழ்வது. ஆயினும் அறிவியல் ஏடுகளில் அதன் முதலூர் கன்னியாதான். குளிர்நீரில் திரியும்போதும் வெந்நீரின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது.

வெந்நீர் எங்கிருந்து வருகிறது? இலங்கையில் எரிமலை இல்லை. தீவின் நடுவிலுள்ள உயர்நிலப் பாறைத் தொகுதியும் கிழக்கிலுள்ள விஜயன் பாறைத் தொகுதியும் பொருந்தும் கோட்டை ஒட்டி, வடகிழக்கே கன்னியாவிலிருந்து மகா ஓயா வழியாகத் தெற்கே மகாபெலஸ்ஸ வரை வெந்நீர் ஊற்றுகள் ஒரு மாலை போல் அமைந்திருக்கின்றன. காட்டிலும் மேட்டிலும் பெய்த மழை, பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. நிலத்துள் ஒரு கிலோமீட்டர் இறங்க இறங்க இருபத்தைந்து பாகை அளவு வெப்பம் கூடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட நீர், வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலே வந்தால் சுடச்சுட ஊறும். வரும் வழியில் மேல்நிலக் குளிர்நீர் கலந்தால் சூடு தணியும். ஏழு கிணற்றில் ஏழு வெப்பம் இருப்பதன் மருமம் இந்தக் கலப்பிலேதான் இருக்க வேண்டும். எனவே கிணற்றின் வாயைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டால் ஊற்றைக் காத்ததாகாது. மழை இறங்கும் காடும், நீர் ஏறும் வெடிப்பும், இடையில் அதைத் தொடாமல் விட்ட நிலமும் சேர்ந்ததே ஊற்று. இதைப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

கிணறுகளுக்கு அருகே ஒரு குன்றின்மேல் நம் நன்னா சியாரத் செய்த கப்ரு இருக்கிறது. நாற்பது அடிக் கப்ரு என்பார்கள். சொல்கிறவருக்கு ஏற்ப அளவு கூடும், குறையும். அடங்கியிருப்பவர் யார், எந்நாட்டவர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் இத்தகைய நெடிய கப்ருகள் நமக்குப் புதியவை அல்ல. இராமேசுவரத்தில் ஆபில், காபில் பெயரால் வழங்கும் நீண்ட கப்ருகளை நம் மாவட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். வடநாட்டில் ஒன்பது கஜப் பீர் என்ற பெயரில் ஊருக்கு ஊர் இத்தகைய அடக்கத்தலங்கள் உண்டு. ஆதி பிதா ஆதம் (அலை) அறுபது முழ உயரம் உடையவராக இருந்தார் என்ற ஹதீது மக்கள் மனத்தில் பதிந்திருந்ததனால், மிகப் பழையவர் என்று சொல்வதற்கு மிக நெடியவர் என்று சொல்வது ஒரு மொழியாயிற்று என்பது என் கருத்து. அடியளவை நாடாப் பிடித்துச் சோதிப்பவர் அந்த மொழியைப் புரிந்துகொள்ளாதவர்.

ஊற்றுக்கு அருகே பழையவர் ஒருவரைக் காண்பதும் முஸ்லிம் உலகெங்கும் உள்ள வழக்கமே. திபேரியாவின் வெந்நீர்க் குளிப்பிடத்தை 11ஆம் நூற்றாண்டில் கண்ட பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ, அதைச் சுலைமான் நபி (அலை) கட்டியதாக அவ்வூரார் சொல்வதை எழுதி வைத்தார். அங்கே சுலைமான் நபி, இங்கே இராவணன். மனித முயற்சியில்லாமல் வந்த சூட்டுக்கு மனிதரில் மிகப் பெரியவரைக் காரணமாக்குவது எல்லா நாட்டவருக்கும் பொதுவான இயல்பு போலும்.

இனி, மனத்துக்கு உவப்பில்லாத பகுதிக்கு வர வேண்டியிருக்கிறது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் கன்னியாவுக்கு மக்கள் திரளாக வரத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பிரதேச சபையின் பராமரிப்பில் இருந்த இடம் தொல்லியல் திணைக்களத்தின் கைக்கு மாறியது. 2011ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பழம்பொருளைக் காப்பது அரசின் கடமை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அங்கு வைத்த பலகைகள் பௌத்த மடாலயத்தின் எச்சம் என்ற ஒன்றையே முன்னிறுத்தின. பிள்ளையார் கோயிலின் அடித்தளம் இருந்த மேட்டிலே தாதுகோபம் எழுப்பும் பணி தொடங்கியபோது, 2019ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ் மக்கள் திரண்டு வழிபடச் சென்றார்கள். வந்த துறவி ஒருவர் மீது சுடுதேநீர் வீசப்பட்டது. வெந்நீரால் பெயர்பெற்ற இடத்தில் இப்படியும் ஒரு சூடு. அதே மாதத்தில் திருகோணமலை மேல் நீதிமன்றம், கட்டட வேலையை நிறுத்தியும் வழிபடுவோரைத் தடுக்கலாகாது என்றும் இடைக்கால ஆணை பிறப்பித்தது.

கன்னியாவில் பௌத்த எச்சமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. அப்படி வாதிடுவது வரலாற்றுக்குச் செய்யும் இன்னொரு தீங்கு. இதே பகுதியில், பெரியகுளத்தின் அருகே, வெல்கம் விகாரை என்றொரு பௌத்தப் பள்ளி உண்டு. சோழர் ஆட்சியில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கப் பசுக்களும் பிறவும் கொடுத்தவர்கள் தங்கள் கொடையைத் தமிழிலே கல்லில் பொறித்திருக்கிறார்கள். தமிழ் பேசிய பௌத்தர்கள். சைவ மன்னனின் பெயர் தாங்கிய பௌத்தப் பள்ளி. நடு இலங்கையைச் சோழர் வென்ற காலத்திலும் அந்தப் பள்ளி இடியவில்லை, கொடை பெற்றது. பிறகு 1622ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் கோணேசர் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே மாவட்டத்துக்குள் நடந்தவை. எதைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

பழைய மண்ணின் மக்கள் என்று பேசும்போது, தமிழர், சிங்களர், முஸ்லிம்கள் ஆகிய மூவரும் சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய ஓர் இடம் உண்டு. இந்த மூவருக்கும் முன்னர் அந்தக் காடுகளில் இருந்தவர்கள் வேடர்கள். மூதூர், வெருகல் பக்கங்களில் கடலோர வேடர் இன்றும் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இக்கடலோரத்தாரையும் சேர்த்து எழுதினார்கள். கன்னியாவைவிடச் சூடு மிகுந்த மகா ஓயா ஊற்றுகளுக்குச் சுற்றியுள்ள நாடும் வேடர் நாடே. பொல்லேபெத்த என்ற அவர்கள் சிற்றூர் அப்பகுதியில் இருக்கிறது. இராவணனுக்கும், துட்டகாமினிக்கும், அவுலியாவுக்கும் முன்னர் அந்த வெந்நீரில் கைகழுவியவன் ஒரு வேடனாகத்தான் இருக்க முடியும். ஆனால் எந்தப் பலகையிலும் அவன் பெயரை எழுத வேண்டும் என்று யாரும் வழக்காடவில்லை.

வெந்நீர் நிலங்களைப் பூர்வகுடிகளிடமிருந்து வாங்கிய கதை உலகில் பல உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தெர்மாபோலிஸ் என்று ஓர் ஊர். ஷோஷோனி, அரபாஹோ மக்களுடைய ஒதுக்கீட்டு நிலத்தில் பெரியதொரு வெந்நீர் ஊற்று இருந்தது. அதைச் சூழ்ந்த ஏறக்குறைய 55,000 ஏக்கரை 1896ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அமெரிக்க அரசு 60,000 டாலர் மதிப்புக்கு வாங்கியது. அப்போது ஷோஷோனியரின் முதுபெருந் தலைவர் வாஷகி. எல்லோரும் கட்டணமின்றிக் குளிக்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார் என்பது அங்கே வழங்கும் கூற்று. மாநில அரசு நடத்தும் கட்டணமில்லாக் குளிப்பகம் அங்கே இன்றும் இருக்கிறது. அந்நிலம் கைமாறியதை நீர்க்கொடை என்ற பெயரில் நாடகமாக நடித்தும் காட்டுகிறார்கள். அறுபதாயிரம் டாலருக்கு வாங்கியதைக் கொடை என்று அழைப்பது வாங்கியவருக்கு வசதியான சொல். ஆனால் குளிப்பகத்துக்குக் கட்டணம் வாங்காமல் இருப்பதில் அந்தக் கிழவரின் சொல்லுக்கு ஒரு மதிப்பு எஞ்சியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பயன்தரும் பாடம் நியூசிலாந்தில் இருக்கிறது. ரோட்டோருவா என்னும் ஊரை அடுத்து வாக்கரேவரேவா பள்ளத்தாக்கு. அங்கே மாவோரி மக்கள் தலைமுறைகளாக வெந்நீரில் சமைத்து, குளித்து, வருகிறவர்களுக்கு வழிகாட்டி வாழ்ந்து வந்திருக்கிறார்கள். 1886ஆம் ஆண்டு தரவேரா எரிமலை வெடித்து, உலகப் புகழ்பெற்ற வெண்படிகளையும் செம்படிகளையும் அழித்தபோது, அவற்றைக் காத்துவந்த குலத்தார் பலர் இப்பள்ளத்தாக்குக்கே வந்து சேர்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ரோட்டோருவா நகரத்தார் வீட்டுக்கு வீடு, விடுதிக்கு விடுதி துளையிட்டு நிலச்சூட்டை உறிஞ்சினார்கள். பள்ளத்தாக்கின் பீறிடும் ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கத் தொடங்கின. அரசு 1986ஆம் ஆண்டு ஒரு கடுமையான முடிவு எடுத்தது. போஹுட்டு என்ற பெரிய ஊற்றிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருந்த துளைகளை எல்லாம் மூட ஆணையிட்டது. நகரத்தார் கூச்சலிட்டார்கள். ஆனால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. அடங்கிய ஊற்றுகளில் சில மீண்டும் எழுந்தன. பின்னர் 2009ஆம் ஆண்டு ஒரு சட்டத்தின் மூலம் அப்பள்ளத்தாக்கு நிலம் அந்த மாவோரி குலத்தாருக்கே உரிமையாக்கப்பட்டது. நிலத்தையும் காத்தார்கள், நிலத்துக்கு உரியவரையும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே வேலையின் இரு கைகள் என்று அவர்கள் கண்டுகொள்ள நூறாண்டு ஆயிற்று.

ஒன்றரைக் கிலோமீட்டர் என்ற இந்த எல்லையைப் படித்தபோது, நம் ஃபிக்ஹு நூல்களில் நாம் மறந்துவிட்ட ஒரு சொல் நினைவுக்கு வந்தது. ஹரீம் என்பது அச்சொல். விலக்கப்பட்ட சூழ்நிலம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கிணறு தோண்டியவருக்கு அதைச் சுற்றி நாற்பது முழம் உரியது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வாக்காக வந்துள்ளது. கால்நடை வந்து படுக்க அது இடம். அந்த எல்லைக்குள் பிறர் இன்னொரு கிணறு தோண்டி முந்திய கிணற்றின் நீரை இழுத்துவிடக் கூடாது. பன்னிரண்டாம் நூற்றாண்டு ஹனஃபீ நூலான ஹிதாயா, தோண்டிய கிணற்றுக்கும் தானே ஊறும் ஊற்றுக்கும் வேறுபாடு செய்து, ஊற்றுக்கு ஐந்நூறு முழம் கொடுக்கிறது. ஊற்று நெடுந்தொலைவிலிருந்து நீரைக் கூட்டுகிறது, ஆகவே அதன் எல்லை அகன்றிருக்க வேண்டும் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. பாறை வெடிப்பைக் காட்டும் கருவி எதுவும் அந்தச் சட்ட அறிஞர்களிடம் இல்லை. பாலையில் வாழ்ந்து பார்த்தவர்களின் கண் இருந்தது. மக்காவின் ஜம்ஜம் கிணற்றை இன்று சவூதிப் புவியியல் அளவைத் துறை கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறது. நீர் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமன்றி, அது வந்து சேரும் பள்ளத்தாக்கில் எழும் கட்டடங்களும் அங்கே கவலைக்குரிய பொருள். ஹரீமின் பழைய கவலைதான் அது.

நம் அருப்புக்கோட்டைச் சீமைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். நமக்கு வெந்நீர் ஊற்று இல்லை. ஆண்டுக்கு எண்ணூறு மில்லிமீட்டர் அளவே மழை. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் நம் முன்னோர் ஊருணியை எப்படிக் காத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குடிநீர் ஊருணியில் கால் வைக்கக் கூடாது. செருப்போடு கரையேறக் கூடாது. மாடு இறங்கக் கூடாது. ஊருணிக்கு மழைநீர் வரும் வரத்துக்கால் வழியில் யாரும் மலங்கழிக்கவோ உழவோ மாட்டார்கள். அந்த வரத்துக்கால் நிலம்தான் ஊருணியின் ஹரீம். பெயர் தெரியாமலே நம்மவர் அதைப் போற்றினார்கள். கண்மாய் மடையைத் திறந்து மூடும் நுட்பம் மடைக்குடும்பரிடமும் நீர்பாய்ச்சிகளிடமும் இருந்தது. பெருமழை இரவில் மடைக்குள் மூழ்கி இறங்கியவர்கள் அவர்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் வேறு யாரோ.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. ஊருணி ஊருக்கு உரியது என்றார்கள். ஊர் என்பதற்குள் சேரி சேரவில்லை. கண்மாயைக் காத்தவனே ஊருணியில் மொள்ள முடியாமல் தள்ளி நின்ற ஊர்கள் பல. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தது இந்த அவமானத்தை எதிர்த்துத்தான். நீர், மேய்ச்சல், நெருப்பு இம்மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற நபிமொழியை நாம் மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். நம் பள்ளிவாசல் ஹவுளை அடுத்த கிணறுகளும் அந்நாளில் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருந்தனவா என்று ஒவ்வோர் ஜமாஅத்தும் தன் பெரியவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. பாரம்பரியத்தைப் போற்றுவோம் என்று புறப்படுகிறவர்கள் பாரம்பரியத்தில் யார் தள்ளி நின்றார்கள் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கன்னியாவுக்குத் திரும்புவோம். அங்கே காக்கப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, ஏழு கிணற்றுக்கும் நீர் கொடுக்கும் சூழ்நிலம். பயணிகள் பெருகும் இடத்தில் விடுதியும் ஆழ்துளைக் கிணறும் பெருகும். அவற்றைத் தொலைவில் நிறுத்தவில்லை என்றால் ரோட்டோருவா கண்ட துன்பத்தைக் கன்னியா இன்னும் சிறிய அளவிலே, இன்னும் விரைவாகவே காணக்கூடும். மற்றொன்று, அங்கே வந்து தம் இறந்தவர்க்குக் கடன் செய்யும் மக்களின் உரிமை. தொல்லியல் பழங்கல்லைப் பார்க்கும். அக்கல்லின் மேல் நேற்றும் எரிந்த விளக்கைப் பார்க்காது. அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பயணிகளின் வரிசையில் நிற்க வேண்டும் என்றால், அவர்கள் தம் தாயின் வீட்டுக்கே விருந்தாளியாகிறார்கள். பெயர்ப்பலகை வைப்பதாயின், கதை சொல்லும் தமிழரின் இராவணனும், விகாரை எழுப்பியவர்களும், குன்றின் மேல் அடங்கியிருக்கும் நெடியவரும், பெயரில்லாத வேடனும் அதில் இடம்பெறலாம். பலகைக்குத் தச்சனிடம் சொன்னால் அகலமாக அறுத்துக் கொடுப்பான்.

நன்னா தம் கடைசிக் காலத்தில் கன்னியாவைப் பற்றிச் சொன்ன ஒன்றை எழுதி முடிக்கிறேன். ஒருமுறை அவர் போனபோது, தலைமழித்த ஓர் இளைஞன் தன் தாய்க்குக் கடன் முடித்துவிட்டு, உறவினர் சூழ ஈர வேட்டியோடு கிணற்றடியில் நின்றிருந்தானாம். தொப்பியோடு வந்த இவர் ஒதுங்கி நின்றதைக் கண்டு, அவன் தன் கையிலிருந்த வாளியை இவரிடம் நீட்டி, முதல் கிணற்றில் தொடங்குங்கள், அதுதான் சூடு குறைவு என்றானாம். இவர் ஏழையும் முடித்துவிட்டுக் குன்றேறி கப்ருக்கு அருகே யாசீன் ஓதிக்கொண்டிருந்தபோது, அந்த இளைஞனும் அவன் தமக்கையும் ஏறி வந்து, சற்றுத் தள்ளி, கைகட்டி நின்றார்களாம். ஓதி முடித்ததும் அந்தப் பெண், எங்கள் அம்மாவுக்கும் சேர்த்து ஓதினீர்களா ஐயா என்று கேட்டாளாம். நன்னா மீண்டும் உட்கார்ந்து முதலிலிருந்து ஓதினார்.